மலை ஏறுவோரும் மலை சுற்றுவோரும்

மறுபிறப்பிலே நமக்கு நம்பிக்கை கிடையாது. செத்தவர் திரும்புவதில்லை, எரிந்த சாம்பல் எழுந்து நடப்பதில்லை. எனினும், செத்தே போயிற்று என்று உலகத்துப் பத்திரிகைகளெல்லாம் இரங்கற்பா பாடி, கருமாதியும் முடித்துவிட்ட ஒரு சொல், பொதுவுடைமை எனும் சொல், ஐரோப்பாவின் அறிவு மன்றங்களிலே எழுந்து நின்று "இதோ இருக்கிறேன்" என்று கூறுகிறது என்ற செய்தி எட்டியபோது நாம் முகம் திருப்பிக் கொள்ளவில்லை. எழுந்தது உயிரா, உருவா, அன்றி வெறும் நிழலா என்று பார்த்துவிடத் துணிந்தோம்.

பார்ப்பதற்கு நமக்குக் கிடைத்தது ஒரு நூல். 2009 மார்ச்சுத் திங்கள் 13, 14, 15 நாட்களிலே, இலண்டன் மாநகரிலே, பிர்க்பெக் கல்லூரியின் மானிடவியல் கழகத்தார் ஒரு மாநாடு கூட்டினர். 'பொதுவுடைமை எனும் கருத்து' என்பது அதன் தலைப்பு. பிரெஞ்சு நாட்டு அலன் பதியூ, சுலோவேனிய நாட்டு ஸ்லாவோய் ஜிஜெக், இத்தாலியின் அந்தோனியோ நெக்ரி, பிரான்சின் ழாக் ரான்சியேர் ஆகிய அறிஞர்கள் அங்கே பேசினர். முதலிலே எண்ணிய மண்டபம் போதாமல், பெரிய மண்டபம் தேட வேண்டியதாயிற்று. அந்த உரைகள் 2010இல் நூலாக வந்தன. ஆசிரியத் தோழர் ஒருவர் அதைக் கொணர்ந்து தர, திருவண்ணாமலையிலே, செங்கம் சாலையை ஒட்டிய ஒரு வீட்டுத் திண்ணையிலே நாலைந்து பேராக அமர்ந்து மூன்று வாரம் படித்தோம். தெரிந்தவர் வாசிக்க, தெரியாதவர் கேட்க, புரியாத இடத்திலே அனைவரும் சேர்ந்து சண்டையிட, அப்படி ஒரு படிப்பு!

எதிரே சாலை. அது வெறும் சாலையல்ல, கிரிவலப் பாதை. மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர். பௌர்ணமி இரவிலே இலட்சக்கணக்கான கால்கள் அதிலே நடக்கும். அந்தக் கால்களிலே ஐரோப்பியக் கால்களும் உண்டு. பால் பிரண்டன் என்ற ஆங்கிலேயர் 1934இல் எழுதி வெளியிட்ட நூலுக்குப் பிறகு, இரமணரின் ஆசிரமத்தைத் தேடி மேனாட்டார் வருவது வழக்கமாகிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், பிரண்டன் அமைதி தேடி இந்த மலையடிவாரத்துக்கு வந்துபோன அதே காலத்திலேதான், 1931 அக்டோபரிலே, ஈரோட்டிலே அச்சான 'குடி அரசு' கிழமை ஏடு, மார்க்சும் எங்கெல்சும் எழுதிய அறிக்கையைத் தமிழிலே வெளியிடத் தொடங்கிற்று. அங்கிருந்து வந்தவர் இங்கே மௌனத்தைத் தேடினார். இங்கிருந்தவர் அங்கிருந்து முழக்கத்தை வரவழைத்தார்! இந்தக் கொள்வினை கொடுப்பினையை மனத்திலே வைத்துக்கொண்டே இலண்டன் நூலைப் புரட்டினோம்.

ஐரோப்பிய இடதுசாரிகள் அந்தச் சொல்லைத் தேடி மீண்டும் வருவானேன் என்பதை முதலிலே சொல்லியாக வேண்டும். 1989இல் பெர்லின் சுவர் இடிந்தது. 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்தது. அதே 1991இல், ஒரு காலத்திலே, 1976 தேர்தலிலே, நூற்றுக்கு 34 வாக்குகளைப் பெற்று மேற்கு ஐரோப்பாவிலேயே பெரிய கம்யூனிஸ்டுக் கட்சியாக விளங்கிய இத்தாலியக் கட்சி தன் பெயரைத் தானே அழித்துக்கொண்டது. கொடியை மடித்தவர்கள் சிலர்; கொடியைக் கண்டே நாணியவர்கள் பலர். இருபதாண்டுக் காலம், சந்தையே சாமி, இலாபமே வேதம் என்ற பாட்டு. பிறகு வந்தது 2008. அரசு தலையிடலாகாது என்று ஓதிவந்த வங்கிப் பெருமுதலாளிகள், அதே அரசின் வாயிற்படியிலே துண்டேந்தி நின்ற காட்சியை உலகம் கண்டது. வீட்டை இழந்தவனுக்கு இல்லாத கருணை, வீட்டுக் கடனிலே சூதாடியவனுக்குக் கிடைத்தது. அந்த எரிச்சலிலேதான் பழைய சொல் பற்றிக்கொண்டது. இதிலே மாயமும் இல்லை, மந்திரமும் இல்லை.

பதியூவின் வாதத்தைச் சுருங்கக் கூறுவோம். பொதுவுடைமை என்பது ஒரு கட்சியின் பெயரல்ல, ஒரு நாட்டின் பெயருமல்ல. சமத்துவம் இயலும் என்று துணியும் ஒரு கருதுகோள். பிரெஞ்சுப் புரட்சி முதல் 1871இன் பாரிசு கம்யூன் வரை அதன் முதற்கட்டம். 1917 முதல் 1976 வரை இரண்டாம் கட்டம். இடையே நாற்பது ஆண்டுக்கு மேல் இருட்டு. இப்போதும் நாம் அத்தகைய இடைவெளியிலேயே நிற்கிறோம். தோற்றது முயற்சிகளே, கருதுகோள் தோற்கவில்லை. கணிதத்திலே ஒரு தேற்றத்துக்குச் செய்த சான்றுகள் தவறினால் தேற்றமே தவறாகிவிடுமா என்று கேட்கிறார். கேள்வி அழகானது. சோர்ந்தவனைத் தூக்கி நிறுத்தும் கேள்வி. திண்ணையிலே இருந்த இளைஞர் ஒருவர் இந்தப் பக்கத்தை இரண்டு முறை படிக்கச் சொன்னார்.

நமக்கோ இரண்டாம் முறை படித்தபோதுதான் ஐயம் பிறந்தது. தேற்றத்தைத் தவறென்று காட்டவும் கணிதத்திலே வழி உண்டல்லவா? எது நடந்தால் இந்தக் கருதுகோள் பொய் என்று ஒப்புக்கொள்வீர்கள் என்ற கேள்விக்கு இந்நூலிலே விடை இல்லை. தோல்வி வந்தால் அது முயற்சியின் குறை. வெற்றி வந்தால் அது கருத்தின் பெருமை. இந்தக் கணக்கை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று நினைத்தோம். வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. பிள்ளை பிறந்தால் சாமி தந்தது, பிறக்காவிட்டால் வேண்டுதலிலே குறை: இந்த ஊர்ச் சந்நிதித் தெருவிலே அன்றாடம் காதிலே விழும் கணக்கு!

நாம் வேண்டுமென்றே குத்திக் காட்டுவதாக எண்ண வேண்டாம். பதியூ நாத்திகர். அதை மறைப்பவரும் அல்லர். ஆயினும் 1997இல் அவர் நூலெழுதிப் போற்றியது யாரை? கிறித்தவத் திருத்தூதர் பவுலை! உயிர்த்தெழுதல் கட்டுக்கதை என்று சொல்லிக்கொண்டே, அந்தக் கதையை நம்பி ஊரூராய் அலைந்த பவுலின் பற்றுறுதியே புரட்சியாளனுக்கு இலக்கணம் என்கிறார். ஒரு நிகழ்ச்சி வெடிக்கிறது. அதைக் கண்டவன் அதற்கு உண்மையாக நிற்கிறான். அந்த நிலைநிற்பிலே புது மனிதனாகிறான் என்பது அவர் தத்துவம். ஜிஜெக்கும் 2000இல் கிறித்தவ மரபு காக்கத் தகுந்தது என்று தனி நூல் எழுதியவர். கடவுளைக் கழித்துவிட்டுப் பக்தியை மட்டும் மீதம் வைத்துக்கொள்ள முடியுமா? மேனாட்டிலே அது புதுமையாக இருக்கலாம். தீபம் பார்க்க இரவெல்லாம் நனைந்து நிற்கும் மக்களிடையே வாழும் நமக்குப் பக்தியின் ஆற்றலும் தெரியும், அதை வைத்துப் பிழைப்போரின் திறமையும் தெரியும். ஆராய்ச்சிக்கு அப்பால் வைக்கப்பட்ட கருத்துக்குப் பூசாரி முளைக்க வெகுநாள் ஆவதில்லை.

ஜிஜெக்கின் கட்டுரை இதைவிடச் சுவையானது. 1922இலே லெனின் எழுதிய ஒரு உவமையை அவர் எடுத்து ஆள்கிறார். உயரமான மலையிலே ஏறுகிறான் ஒருவன். பாதி வழியிலே பாதை அடைபட்டது. உச்சிக்கு வேறு வழி காண அவன் இறங்கத்தான் வேண்டும். இறங்குவது ஏறுவதினும் கடினம். கீழே நிற்பவர்கள் கைகொட்டிச் சிரிக்கிறார்கள். ஆனாலும் தொடக்கத்திலிருந்தே தொடங்க வேண்டும். இதுதான் அவர் கூறும் பாடம். பிடித்ததைக் கட்டிக்கொண்டிராமல் அடிவாரத்துக்கு வந்துவிடு என்கிறார். நேர்மையான பேச்சு. ஆனால் எங்கள் மலையைப் பார்த்துக்கொண்டே படித்த நமக்கு மற்றொன்று தோன்றிற்று. இந்த ஊருக்கு வருவோரிலே மலை ஏறுவோர் சிலர். சுற்றுவோரே மிகப் பலர். சுற்றுபவனுக்கும் கால் வலிக்கும், வியர்வை வடியும், மனநிறைவும் உண்டாகும். விடிந்தபோது அவன் நிற்பது புறப்பட்ட இடத்திலே! இலண்டன் மாநாட்டுக்குப் பின் 2010இல் பெர்லின், 2011இல் நியூயார்க், 2013இல் சியோல் என்று அதே தலைப்பிலே மாநாடுகள் நடந்தன. ஏறினார்களா, சுற்றினார்களா?

ரான்சியேரை மட்டும் நாம் தனியே எடுத்து வைக்கிறோம். சமத்துவம் என்பது ஒரு நாள் போய்ச் சேர வேண்டிய ஊரல்ல. அது புறப்படும் இடம். எல்லா மனிதரின் அறிவும் சமம் என்ற துணிபிலிருந்து தொடங்காத எந்தச் சமதர்மமும், அறிந்தவன் அறியாதவனை ஆளும் புதிய ஏற்பாடாகவே முடியும் என்பது அவர் கருத்து. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே பகலெல்லாம் பட்டறையிலே உழைத்து, இரவிலே தூக்கத்தைத் துறந்து கவிதையும் கட்டுரையும் எழுதிய பிரெஞ்சுத் தொழிலாளரின் இரவுகளைப் பற்றி 1981இல் அவர் ஒரு பெருநூல் எழுதினார். அதைக் கேட்டதும் திண்ணையே நிமிர்ந்து உட்கார்ந்தது. காரணம், முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தார் இந்தத் திருவண்ணாமலையிலே தொடங்கி நாடெங்கும் பரவிய கலை இலக்கிய இரவு. விடிய விடியப் பாட்டும் கூத்தும் கவிதையும் கேட்டுவிட்டு, காலையிலே நேரே வேலைக்குப் போனவர்களிலே இருவர் எங்களோடு அமர்ந்திருந்தனர். தத்துவப் பேராசிரியர் ஏட்டிலே தேடிக் கண்டதை இவர்கள் கொட்டும் பனியிலே கண்டிருக்கிறார்கள்.

இனி நம் கதைக்கு வருவோம். ஐரோப்பியர் ஒரு சொல்லைத்தான் மீட்கிறார்கள். தமிழிலே அதற்குப் பல பெயர்கள் வந்து போயின. அபேதவாதம் என்றனர், பொதுவுடைமை என்றனர், சமதர்மம் என்றனர். 'குடி அரசு' வெளியிட்ட மொழிபெயர்ப்புக்கு இட்ட பெயரே சமதர்ம அறிக்கை. இந்தச் சொல்லை நிறுத்துப் பாருங்கள். ஐரோப்பாவிலே அந்தச் சொல்லுக்கு எதிர்ச்சொல் தனியுடைமை. இங்கே சமதர்மம் என்றதும் கேட்பவன் நெஞ்சிலே எழும் எதிர்ச்சொல் மனுதர்மம்! பேதம் அற்ற நிலை என்றால் பணப் பேதம் மட்டுமா, பிறவிப் பேதமும் அல்லவா? சொல்லை ஆக்கியவர்கள் தெரிந்தே ஆக்கினார்களோ, மொழி தானே செய்துகொண்டதோ, தமிழிலே அந்தக் கருத்து நுழைந்தபோதே ஒரு திருத்தத்தோடு நுழைந்தது.

அந்தத் திருத்தம் சொல்லிலே மட்டும் இல்லை. 1931 மொழிபெயர்ப்புக்குப் பெரியார் எழுதிய முன்னுரையின் சாரமும் அதுவே. மற்ற நாடுகளிலே பணக்காரன், ஏழை என்ற பிரிவுதான் முதன்மை. இங்கோ மேல்சாதி, கீழ்சாதி என்பது கூடுதலாக நின்று, அந்தப் பணப் பிரிவுக்கே கோட்டையாகக் காவல் காக்கிறது என்றார். அறிக்கையை வரவேற்ற கையோடு அதன்மீது ஒரு கேள்வியையும் வைத்தார். அந்த ஆண்டு இறுதியிலே கப்பலேறி, 1932இல் சோவியத் நாட்டிலே ஏறத்தாழ மூன்று திங்கள் தங்கிக் கண்டதைப் பாராட்டினார். ஆனால் இங்கிலாந்திலே, மெக்ஸ்பரோ தொழிலாளர் கூட்டத்திலே, உங்கள் தொழிற்கட்சி ஆட்சி இந்தியத் தொழிலாளிக்குச் செய்தது என்ன என்று முகத்துக்கு நேரே கேட்கவும் தவறவில்லை. திரும்பியதும் அவ்வாண்டு டிசம்பரிலே ஈரோட்டிலே கூடி வகுத்த திட்டத்துக்குத் துணை நின்றவர் சிங்காரவேலர், 1923 மே முதல் நாளிலே சென்னையிலே தொழிலாளர் திருநாளைக் கொண்டாடிய பெரியவர்.

கதை இங்கேயே நின்றிருந்தால் நாம் மார்தட்டிக் கொள்ளலாம். நிற்கவில்லை. 1934இல் ஆங்கில அரசு கம்யூனிஸ்டுக் கட்சியைத் தடை செய்தது. நாத்திகம் பற்றிப் பகத்சிங் எழுதியதைத் தமிழாக்கிய ஜீவானந்தமும், அதை வெளியிட்ட ஈ.வெ. கிருஷ்ணசாமியும் சிறைப்பட்டனர். 1935இல், இயக்கத்தைக் காக்கும் பொருட்டு, பொதுவுடைமைப் பிரசாரத்தை நிறுத்திக்கொள்வதாகப் பெரியார் அறிவித்தார். சிங்காரவேலரும் ஜீவாவும் வேறு வழி சென்றனர். அடக்குமுறையின் கடுமையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் அன்று நேர்ந்த முறிவை வெறும் தந்திரமென்று சொல்லித் தப்பித்துக் கொள்வதும் நேர்மையாகாது. சாதியைக் கேட்டவர் ஒரு பக்கம், கூலியைக் கேட்டவர் ஒரு பக்கம் என்று வீடு இரண்டுபட்டது. சாதி ஒழியட்டும், கூலி பிறகு என்றது ஒரு திண்ணை. கூலி உயரட்டும், சாதி தானே உதிரும் என்றது மற்றொன்று.

உதிர்ந்ததா? 1968 டிசம்பர் 25ஆம் நாள், கீழ்வெண்மணியிலே, செங்கொடிச் சங்கத்திலே சேர்ந்து நெற்கூலி உயர்வு கேட்ட உழவுத் தொழிலாளர் சேரியிலே, ஒரு குடிசைக்குள் 44 உயிர்கள் எரிந்தன. பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். கேட்டது கூலி, எரிந்தது சேரி. இதைக் கூலிப் போராட்டம் என்பதா, சாதிக் கொடுமை என்பதா என்று இன்றளவும் வழக்காடுவோர் உண்டு. அன்று ஆட்சியிலே இருந்தது திராவிட இயக்கம். நிலக்கிழார்கள் உயர்நீதிமன்றத்திலே விடுதலையானார்கள். இரண்டு திண்ணைக்காரரும் தலைகுனிந்து நிற்க வேண்டிய இடம் அது.

பழங்கதை என்பீர்களானால், நமது மாவட்டத்துக்கே வாருங்கள். தண்டராம்பட்டு வட்டம், தென்முடியனூர். அறநிலையத் துறையின் கீழுள்ள முத்துமாரியம்மன் கோயில். பல பத்தாண்டுகளாக வாசல் மறுக்கப்பட்டிருந்த ஆதிதிராவிட மக்கள், 2023 சனவரி 30ஆம் நாள், அதிகாரிகளும் காவலரும் துணைக்கு வர, முதன்முறையாக உள்ளே நுழைந்தனர். கோயில் நுழைவுச் சட்டம் வந்தது 1947இல்! கோயிலுக்குள் இருப்பது என்ன என்பதிலே நமக்கு ஒரு கருத்து உண்டு. அதை ஒளித்ததும் இல்லை. ஆனால் உள்ளே போகலாமா என்பதை முடிவு செய்பவன் பக்கத்துத் தெருக்காரன் என்றால், அங்கே பேச்சு சாமியைப் பற்றியதல்ல.

இந்த வாசலை நினைவிலே வைத்துக்கொண்டு மீண்டும் ஜிஜெக்கிடம் போனோம். இன்றைய முதலாளித்துவத்தால் தீர்க்கவியலாத முரண்கள் நான்கு என்கிறார் அவர். முதல் மூன்று இயற்கைச் சூழல், அறிவுச் சொத்துரிமை, உயிரியல் தொழில்நுட்பம். நான்காவது, உள்ளே இருப்போருக்கும் வெளியே தள்ளப்பட்டோருக்கும் இடையே எழும் புதுச் சுவர். நான்காவது இல்லாவிட்டால் மற்ற மூன்றும் கூர்மை இழக்கும் என்று அவரே கூறுகிறார். இதுவரை நம் பக்கத்துக்கு நெருங்கி வந்த வாக்கியம் இதுதான். 2010இல் இந்தியாவுக்கு வந்து சென்றவர். மனுவைப் பற்றியும் எழுதியதுண்டு. எனினும் இந்த உள், வெளி என்ற படம் நமக்குப் போதவில்லை. சாதி ஒருவனை வெளியே தள்ளிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு ஓய்ந்துவிடுவதில்லை. விடிந்ததும் அவனைக் கூப்பிடும்; வேலை கொடுக்கும்; குறிப்பிட்ட வேலையை மட்டும் கொடுக்கும். சாதி உழைப்பைப் பிரிப்பதல்ல, உழைப்பாளரையே பிரிப்பது என்று அம்பேத்கர் 1936லேயே விளக்கினார். இலண்டன் நூலிலே பேசிய பதினைந்து பேரளவான அறிஞர்களிலே எவரும் அந்தப் பக்கம் நின்று பேசவில்லை.

பௌர்ணமிக்கு மறுநாட் காலை. பாதை முழுதும் இலைத் தட்டுகள், நெகிழிக் குவளைகள், எச்சில், மலம். அள்ளுவதற்கு ஆட்கள் வந்தனர். எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்பதை இந்த ஊரிலே எவரும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. வேலை முடித்து, திண்ணையோரம் தண்ணீர் கேட்டு நின்ற ஓர் அம்மையார், எங்கள் கூச்சலைச் சற்று நேரம் கேட்டிருந்துவிட்டு, ஆசிரியத் தோழரிடம் கேட்டார்: "சார், நீங்க சொல்ற அந்த ஆட்சி வந்தா, பௌர்ணமிக்கு மறுநா இத யாரு வாருவாங்கன்னு அதுல எழுதியிருக்கா?"

தோழர் நூலைப் புரட்டினார். நாங்களும் புரட்டினோம். எழுதியிருக்கவில்லை.

ஐரோப்பாவிலே எவருமே இத்தகைய கேள்வியைத் தொடவில்லை என்று சொன்னால் அது பொய்யாகும். கிரேக்க நாட்டிலே 2015 சூலை 5ஆம் நாள், கடன் கொடுத்தோரின் நிபந்தனைகளை நூற்றுக்கு 61 பேர் மறுத்து வாக்களித்தும், இடதுசாரி ஆட்சி சில நாட்களிலேயே பணிந்ததைக் கண்டு பலர் மனம் ஒடிந்தனர். அந்த ஒப்பாரியின் நடுவே, ஆஸ்திரியாவின் இரண்டாவது பெரிய நகரமான கிராட்சிலே நடந்தது பலர் கண்ணிலே படவில்லை. அங்குள்ள கம்யூனிஸ்டுகள் ஆண்டுக்கணக்காக வாடகைக் குடியிருப்போரின் வழக்குகளைக் கேட்டுத் தீர்த்து வந்தனர். நகராட்சி வீடுகளிலே குளியலறையும் கழிப்பறையும் இல்லாத வீடு இருக்கக் கூடாது என்று போராடிச் செய்தனர். பதவியிலே அமர்ந்தவர்கள், ஒரு தொழிலாளியின் சராசரி ஊதிய அளவை எடுத்துக்கொண்டு மீதியைத் துன்பப்பட்டோருக்கு அளித்தனர். 2021 செப்டம்பர் தேர்தலிலே அக்கட்சி முதலிடம் பெற்றது. எல்கே கார் என்ற அம்மையார் நகரத் தலைவரானார். இதிலே பவுல் இல்லை, கருதுகோள் இல்லை, கழிப்பறை இருக்கிறது. தத்துவம் பேசத் தெரியாதவர்கள் என்று இவர்களைத் தத்துவக்காரர் எள்ளலாம். குளியலறை கட்டியதால் முதலாளித்துவம் அசைந்துவிடவில்லை என்பதும் மெய்தான். ஆயினும் அந்த அம்மையாரின் கேள்வியை எடுத்துக்கொண்டு போனால், இலண்டனைவிடக் கிராட்சிலே பதில் கிடைக்க வாய்ப்பு அதிகம் என்று நமக்குப் படுகிறது.

நூலை வாங்கலாமா என்று கேட்கும் தோழர்களுக்கு: ரான்சியேரின் கட்டுரைக்காக வாங்கலாம். ஜிஜெக்கை அதன் பின் படிக்கலாம். பதியூவை, 1931 முன்னுரையைப் பக்கத்திலே வைத்துக்கொண்டு படியுங்கள். பெரியார் எழுதியது சில பத்திகளே. ஆனால் வந்த விருந்தாளியிடம் கேள்வி கேட்கும் பழக்கம் அதிலே இருக்கிறது. எங்கள் திண்ணையிலே அடுத்த திங்கள் அந்த இரண்டையும் சேர்த்தே வாசிப்பதாக ஏற்பாடு. இம்முறை பௌர்ணமிக்கு மறுநாட் காலையிலேயே, பாதை கூட்டி முடிந்த பின், அந்த அம்மையாரும் அவரோடு வேலை செய்வோரும் வர இசைந்த நேரத்திலே கூடுகிறோம்.